லேயா கையில் இருக்கும் துப்பாக்கி அசலில் எது? மரத்தில் செய்ய வேண்டும், உதவுங்கள்

பட்டறைக்காரன்
வணக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறேன். மகள் ஈப்போவில் கல்லூரியில் படிக்கிறாள். அடுத்த மாதம் அங்கே வேடப் போட்டியாம், ஸ்டார் வார்ஸ் இளவரசி லேயாவாகப் போகிறாள். வெள்ளை அங்கியை அவள் அம்மா தைத்துவிட்டாள். இரண்டு பக்கக் கொண்டைக்கும் சவுரி வாங்கியாகிவிட்டது. துப்பாக்கி மட்டும் என் தலையில் விழுந்திருக்கிறது. "அப்பா, மரத்துல செஞ்சு குடுங்க, நீங்கதான் எல்லாம் செய்வீங்களே" என்கிறாள்.

1977-இல் வந்த முதல் படத்தைப் போட்டு, அவள் சுடுகிற இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஒரு விஷயம் உறுத்துகிறது. படத்துக்காக யாரோ ஒட்டிய பொம்மை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் கைப்பிடியின் சாய்வும் மேல்பாகத்தின் கட்டும் பொம்மை வேலையாகத் தெரியவில்லை. முப்பது வருடமாக என்ஜின் பிரிக்கிறவன் நான். அழகுக்கு ஒட்டிய பாகம் எது, வேலைக்கு வைத்த பாகம் எது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். இது நிஜத் துப்பாக்கிதானே? எது?

படப்பெட்டி
நிஜம்தான் அண்ணே. சோவியத் நாட்டு மார்கோலின். 5.6 மில்லிமீட்டர், அதாவது பாயின்ட் இருபத்திரண்டு லாங் ரைஃபிள் தோட்டா போடும் பந்தயத் துப்பாக்கி. அரைத் தானியங்கி: ஒவ்வொரு தடவையும் விசையை இழுக்க வேண்டும், அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளும். 'வோஸ்டோக்' என்ற பெயரிலும் வெளிநாடுகளுக்குப் போனது.

அந்தப் படத்தின் ஆயுதங்களில் பெரும்பாலானவை இப்படித்தான். லண்டன் பக்கத்தில் எல்ஸ்ட்ரீ படப்பிடிப்புத் தளத்தில் எடுத்தார்கள், கையில் பணம் குறைவு. புதிதாக வார்த்துச் செய்வதைவிட, சினிமாவுக்குத் துப்பாக்கி வாடகைக்கு விடும் பாப்டி நிறுவனத்திலிருந்து நிஜத் துப்பாக்கிகளை எடுத்து, மேலே தொலைநோக்கியும் தகடும் குழாயும் ஒட்டிவிட்டார்கள். அரங்க அலங்காரம் பார்த்த ரோஜர் கிறிஸ்டியனின் யோசனை அது. அந்தப் படத்தின் கலை இயக்கத்துக்கு ஆஸ்கார் வாங்கியவர்களில் அவரும் ஒருவர். ஹான் சோலோ வைத்திருப்பது ஜெர்மன் மவுசர் சி96. வெள்ளைக் கவசப் படை தூக்கித் திரிவது ஸ்டெர்லிங் சப்மெஷின்கன். பாலைவனக் காட்சியில் ஒருவன் லூயிஸ் மெஷின்கன்னோடு நிற்பான், அது முதல் உலகப்போர்க் காலத்துச் சாமான்.

வேடிக்கை என்னவென்றால், படத்தின் பாத்திரங்களையும் பொருள்களையும் விவரிக்கும் புத்தகங்களில் லேயாவின் ஆயுதத்துக்கு 'ஸ்போர்ட்டிங் பிளாஸ்டர்' என்று பெயர். விளையாட்டுத் துப்பாக்கியை விளையாட்டுத் துப்பாக்கி என்றே கூப்பிட்டுவிட்டார்கள்.

சந்தேகராஜா
மார்கோலினாவது ஒண்ணாவது. அது ரூகர். அமெரிக்கப் படத்தில் ரஷ்யத் துப்பாக்கி எப்படி வரும்? பனிப்போர் காலம் லா அது.

குறிபார்ப்பவன்
ராஜா, படம் அமெரிக்கப் பணம், துப்பாக்கி லண்டன் கிடங்கு. போட்டிக்காரர்கள் எந்த நாட்டுச் சாமான் நன்றாகச் சுடுகிறதோ அதைத்தான் வாங்குவார்கள். பனிப்போர் அங்கே எடுபடாது.

ரூகரோடு குழம்புவது சகஜம். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வயது: மார்கோலின் 1948, ரூகர் ஸ்டாண்டர்டு 1949. இரண்டுக்கும் குழல் ஒல்லி, அசையாது. ஆனால் ரூகரின் மேல்பாகம் ஒரு குழாய். உள்ளே ஒரு உருளை முன்னும் பின்னும் ஓடும், பின்னால் இரண்டு காது மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மார்கோலினில் ஓடுவது கட்டையான ஒரு சிலைடு. அதன் மேல் பாலம் போட்டமாதிரி ஒரு வளைவு, அந்தப் பாலத்தின் மேல்தான் பின்பக்கக் குறி.

பட்டறைக்காரன் அண்ணே, வேலைக்கு வைத்த பாகம் என்றீர்களே, அதில் முக்கியமானது இந்தப் பாலம்தான். சாதாரணக் கைத்துப்பாக்கிகளில் பின்குறி சிலைடின் மேலேயே இருக்கும். ஒவ்வொரு குண்டுக்கும் சிலைடு பின்னால் போய் முன்னால் வரும்போது குறியும் கூடவே போய் வரும். திரும்பி வந்து உட்காரும்போது மயிரிழை தள்ளி உட்கார்ந்தால் போச்சு. கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுவே 220 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம், சர்வதேச விதி அனுமதிக்கும் உச்சம் அது. பின்குறி 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தால் 25 மீட்டர் தூரத்தில் குண்டு 11 மில்லிமீட்டர் தள்ளிப்போய்க் குத்தும். துல்லியச் சுற்று அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 50 மில்லிமீட்டர்தான். அதனால் மார்கோலினில் குறியை உடம்போடு கட்டிவிட்டு, சிலைடை அதன் அடியில் புகுந்து போகவிட்டார்கள்.

பட்டறைக்காரன்
அப்படிச் சொல்லுங்கள்! நகர்கிற சாமானில் அளவுகோலை மாட்டக் கூடாது, அவ்வளவுதானே. இதைக் கண்டுபிடித்த ஆளுக்கு நல்ல கண்.

படப்பெட்டி
அண்ணே, அங்கேதான் கதையே. மிகயில் மார்கோலினுக்குக் கண் தெரியாது.

1906-இல் பிறந்தவர். 1924-இல், பதினெட்டு வயதுப் படைவீரனாக இருந்தபோது காக்கசஸ் பகுதிச் சண்டையில் தலையில் குண்டடி பட்டு இரண்டு கண்ணும் போய்விட்டது. துப்பாக்கி வடிவமைக்க ஆரம்பித்ததே அதற்கப்புறம்தான். வரைபடம் போட முடியாது. அதனால் ஒவ்வொரு பாகத்தையும் களிமண் மாதிரியான பசையிலும் மரத்திலும் கையால் உருட்டிச் செதுக்கி, அதைத் தொட்டுப் பார்த்துத் திருத்தி, உதவியாளர்களிடம் கொடுத்து உலோகத்தில் செய்ய வைத்தார். இழெவ்ஸ்க் நகரத் தொழிற்சாலையில் அவர் பெயரிலேயே உற்பத்தியானது. அவர் வழிவந்த இன்னொரு துப்பாக்கியை வைத்துத்தான் 1954 காரகாஸ் உலகப் போட்டியில் நிக்கோலாய் கலினிச்சென்கோ வேகச் சுடுதலில் தங்கம் வாங்கினார்.

மார்கோலின் 1975-இல் இறந்துவிட்டார். லேயா திரைக்கு வந்தது இரண்டு வருடம் கழித்து.

சந்தேகராஜா
சரி, ரூகர் இல்லை என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தக் குருடர் கதை சோவியத் விளம்பரமாக இருக்காதா? பக்கத்தில் பத்து எஞ்சினியரை உட்கார வைத்துவிட்டு, பெயரை மட்டும் இவருக்குப் போட்டிருப்பார்கள். கண் தெரியாமல் மில்லிமீட்டர் வேலை எப்படி நடக்கும்?

லயத்துப்பொண்ணு
உதவியாளர் இல்லாமல் யாருமே துப்பாக்கி செய்ததில்லை, அது வேறு. ஆனால் கண் தெரியாமல் மில்லிமீட்டர் வேலை நடக்காது என்றா சொல்கிறீர்கள்? நீங்கள் ரப்பர் தோட்டத்தில் வளரவில்லை போலிருக்கிறது.

என் அம்மா இருபத்தாறு வருடம் பால்மரம் வெட்டினார். விடிவதற்கு முன்னால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார். வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால் அந்த நேரம். விளக்கு என்றால் இப்போது வருகிற மாதிரி வெளிச்சம் இல்லை, கைக்கெட்டும் தூரத்துக்கு ஒரு மஞ்சள். வெட்டுக்கத்தி பட்டையைச் சீவும்போது, உள்ளே இருக்கும் வளர்திசுவுக்கு ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் மேலே நிற்க வேண்டும். மேலேயே நின்றால் பால் குறைவு. உள்ளே போனால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வரும், பிறகு அங்கே வெட்டவே முடியாது. மேற்பார்வை பார்க்கும் மண்டோர் பகலில் வந்து பார்த்துத் திட்டுவார்.

பள்ளி விடுமுறையில் பால் பிடிக்கும் மங்கு துடைக்கக் கூடப் போவேன். அம்மா வெட்டி முடித்ததும் இடது கைப் பெருவிரலைக் கோட்டில் வைத்து மேலிருந்து கீழே ஒரு தடவை இழுப்பார். பார்க்கவே மாட்டார், முகம் அடுத்த மரத்தின் பக்கம் திரும்பியிருக்கும். ஒருநாள் விளக்கு அணைந்துவிட்டது. "இருட்டா இருக்கும்மா" என்றேன். "மரம் எங்கயும் போயிடல" என்று சொல்லிவிட்டு வெட்டிக்கொண்டே போனார். விடிந்ததும் போய்ப் பார்த்தேன், எந்த மரம் விளக்கோடு வெட்டியது, எது இல்லாமல் வெட்டியது என்று எனக்குத் தெரியவில்லை.

துப்பாக்கி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, மன்னிக்கவும். விரல் பற்றிச் சொல்ல வந்தேன்.

சந்தேகராஜா
தங்கச்சி, வாயை மூடிக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற சார்ஜன்
ஸ்டெர்லிங் என்று மேலே ஒருவர் எழுதினார். எழுபதுகளில் போலீசில் சேர்ந்தவன் நான். எங்கள் கையில் ஸ்டெர்லிங் இருந்தது. மகசீன் இடது பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும், காட்டுக்குள் நடக்கும்போது கொடியெல்லாம் அதில்தான் மாட்டும். பிள்ளைகளோடு அந்தப் படத்தை வீடியோவில் பார்த்தபோது வெள்ளைக் கவசக்காரன் வந்து நின்றதுமே, "அட, நம்ம சாமான்!" என்று கத்திவிட்டேன். மகசீனைக் குட்டையாக்கி மேலே ஒரு கண்ணாடிக் குழாய் வைத்திருந்தான். மனைவி இன்றுவரை சொல்லிச் சிரிப்பாள். அதற்கப்புறம் கதை எனக்கு மண்டையில் ஏறவே இல்லை.

இன்னொன்று. 1948 என்று மேலே படித்ததும் சுங்கை சிப்புட்காரனுக்கு வேறு நினைப்புதான் வரும். ஜூன் 16, எல்பில் தோட்டத்தில் ஒரு துரையையும், பின் சூன் தோட்டத்தில் இரண்டு பேரையும் ஒரே காலையில் கம்யூனிஸ்டுகள் சுட்டார்கள். மலாயாவில் அவசரகாலம் தொடங்கியது அதிலிருந்துதான், 1960 வரை நீண்டது. என் தகப்பனார் அப்போது பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் தோட்டத்தைச் சுற்றி முள்வேலி, அரிசிக்குக் கட்டுப்பாடு, ராத்திரி ஊரடங்கு. எங்கள் வீட்டில் துப்பாக்கி என்ற சொல்லையே சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். நான் போலீசில் சேர்ந்ததற்கு அவர் ஒரு வருடம் என்னோடு பேசவில்லை.

சந்தேகராஜா
சார்ஜன் ஐயா, இழை எங்கேயோ போகிறதே.

ஓய்வுபெற்ற சார்ஜன்
போகட்டும் தம்பி. இங்கே உட்கார்ந்து துப்பாக்கி பற்றி எழுதினால் அது வந்துதான் தீரும்.

பட்டறைக்காரருக்கு முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். இணையத்தில் பார்த்து ஏர்சாஃப்ட், ஜெல் பிளாஸ்டர் என்று எதையும் வாங்கிவிடாதீர்கள். 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் போலித் துப்பாக்கியையும் விடாது. 1971-இல் வந்த துப்பாக்கிக் குற்றத் தண்டனைச் சட்டத்திலும் போலி பற்றி உண்டு. மரத்தில் செய்தாலும் கறுப்புச் சாயம் பூசி நிஜம் மாதிரி ஆக்காதீர்கள். ஈப்போவுக்குப் பஸ்ஸில் போகும்போது பையில் மூடி வையுங்கள், கையில் வைத்துக்கொண்டு படம் எடுக்க வேண்டாம்.

குறிபார்ப்பவன்
ஐயா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். என் நண்பர் ஒருவர் அலமாரியில் வைக்க ஒரு இரும்புப் பொம்மைத் துப்பாக்கியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார். பொட்டலம் வரவே இல்லை, கடிதம்தான் வந்தது. மூன்று தடவை ஏறி இறங்கி விளக்கம் எழுதிக் கொடுத்தார். 180 வெள்ளிப் பொம்மைக்கு அவர் பட்ட பாடு நாய் படாது. நான் மாதம் இரண்டு தடவை கிளப்புக்குப் போகிறவன். அங்கேகூடத் தோட்டா ஒவ்வொன்றுக்கும் கணக்கு.

தேத்தண்ணி
பந்தயத் துப்பாக்கி என்றால் ஜேம்ஸ் பாண்ட் சுவரொட்டியில் கன்னத்தோடு நீளமாக ஒன்றைச் சாய்த்து வைத்திருப்பாரே, அதுவும் மார்கோலினா?

படப்பெட்டி
இல்லை, அது வால்தர் எல்பி-53. தோட்டாவே போடாத காற்றுத் துப்பாக்கி! 1963 பாண்ட் படத்துக்கு விளம்பரப் படம் எடுக்கும் அன்று, பாண்டின் வழக்கமான வால்தர் பிபிகே-யைக் கொண்டுவர மறந்துவிட்டார்கள். புகைப்படக்காரர் டேவிட் ஹர்ன் தன்னுடைய காற்றுத் துப்பாக்கியை எடுத்து ஷான் கானரி கையில் கொடுத்தார். நீளக் குழலை வரைகிறவர்கள் வெட்டிவிடுவார்கள் என்று நினைப்பு, யாரும் வெட்டவில்லை. அந்தத் துப்பாக்கியை 2010-இல் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 2,77,250 பவுண்டுக்கு எடுத்தார்கள். படத்தில் அது ஒரு காட்சியில்கூட இல்லை.

என்னைக் கேட்டால், பந்தயத் துப்பாக்கிகள் திரைக்கு அழைக்கப்படுவது தோற்றத்துக்காக மட்டும்தான். நீளக் குழல், சாய்ந்த பிடி, பார்த்தால் நாளைய உலகத்துச் சாமான் மாதிரி இருக்கும். லேயா சுடுவதைப் பாருங்கள், கையை நீட்டி ஒரு தடவை அமுக்குவாள், கோடு பறக்கும். அந்தக் கோட்டையும் படம் எடுத்தபிறகு ஃபிரேம் ஃபிரேமாகக் கையால் வரைந்து சேர்த்தார்கள். குறி சரியாக நிற்க மார்கோலின் அவ்வளவு பாடுபட்ட அந்தப் பாலத்துக்குத் திரையில் வேலையே இல்லை. எனக்கு அது கொஞ்சம் வயிற்றெரிச்சல்.

குறிபார்ப்பவன்
வயிற்றெரிச்சல் எதற்கு? அந்தத் துப்பாக்கியைத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் லேயாவால்தான் தெரிந்துகொண்டோம். நானும்தான்.

தோற்றம் என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. சோவியத்காரர்களின் எம்சி-3 என்று இன்னொன்று உண்டு, அதைத்தான் யாராவது படத்தில் போட்டிருக்க வேண்டும். துப்பாக்கியைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி இருக்கும். குழல் வழக்கத்தைவிட வெகு கீழே, கைக்கு நேராக. காரணம் இருக்கிறது. குழல் கைக்கு மேலே இருந்தால் ஒவ்வொரு குண்டுக்கும் முனை மேலே எகிறும். வேகச் சுடுதலில் பக்கம் பக்கமாக ஐந்து இலக்கு, கடைசிச் சுற்றில் ஐந்தையும் நாலு விநாடியில் சுட வேண்டும். எகிறியதை இறக்கவே நேரம் போய்விடும். குழல் கைக்கு நேராக இருந்தால் உதை நேராகத் தோளுக்குப் போகும், முனை அங்கேயே நிற்கும். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் யெவ்கெனி செர்காசொவ் அதை வைத்து வெள்ளி வாங்கினார். அதற்கப்புறம் இந்த மாதிரி வடிவத்தையே விதி போட்டு நிறுத்திவிட்டார்கள். இன்றும் வேகச் சுடுதல் துப்பாக்கி 300-க்கு 150-க்கு 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும்.

தேத்தண்ணி
ஆக, நன்றாக வேலை செய்தால் தடை. நம்ம ஊர் லீக் மாதிரிதான்.

படப்பெட்டி
தடை என்றதும்... லேயாவின் துப்பாக்கியைத் தயார் செய்த அதே பிரிட்டனில், 1996-இல் டன்பிளேன் பள்ளிக்கூடக் கொலைகளுக்குப் பிறகு, 1997-இல் இரண்டு சட்டம் வந்தது. இரண்டாவது சட்டம் பாயின்ட் இருபத்திரண்டு கைத்துப்பாக்கியையும் விடவில்லை. கிளப்புகளில் மார்கோலின் வைத்திருந்தவர்களும் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கைத்துப்பாக்கிப் போட்டி நடத்தவே அரசு தனி அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. அங்கே இப்போது மார்கோலின் அரிது என்றால் இதனால்தான். ரஷ்யாவில் அது சாதாரணக் கிளப் சாமான்.

ஓய்வுபெற்ற சார்ஜன்
பள்ளிக்கூடம் என்றால் ஒப்படைக்கத்தான் வேண்டும். அதில் பேச்சே இல்லை.

லயத்துப்பொண்ணு
2012 லண்டன் என்றதும் நம்ம நூர் சுரியானி ஞாபகம். எட்டு மாத வயிற்றோடு காற்று ரைஃபிள் போட்டிக்கு நின்றவர். லேயா வேடத்துக்கு முன்னால் உங்கள் மகளுக்கு அவர் படத்தையும் காட்டுங்கள் அண்ணே.

பட்டறைக்காரன்
எல்லாருக்கும் நன்றி. நாலு நாளாகப் பட்டறையில் வேலைக்கு நடுவே இதுதான் ஓடியது. எங்கள் தோட்டத்தில் செம்பனை போட வெட்டித் தள்ளிய பால்மரத்துக் கட்டை ஒன்று பல வருடமாக வீட்டில் காய்ந்து கிடந்தது, அதில்தான் செய்தேன். இழைப்புளிக்கு நன்றாக வருகிறது, வெட்டும்போது லேசாகப் புளித்த வாசனை.

தங்கச்சி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு காரியம் செய்தேன். கைப்பிடியை அளவு பார்த்துச் செதுக்காமல், மகள் வார இறுதியில் வந்தபோது வண்டிக்குப் பூசும் பட்டியைக் கட்டையில் அப்பி, அவள் கையில் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். விரல் பதிந்த இடத்தைக் காயவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு உப்புத்தாள் போட்டேன். முதல் தடவை பிடித்துப் பார்த்துவிட்டு, "சுண்டு விரல் கிட்ட குத்துதுப்பா" என்றாள். கண்ணைத் திறந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. தடவிப் பார்த்தேன், இருந்தது.

குறிபார்ப்பவன்
அண்ணே, போட்டிக்காரர்கள் செய்வதும் அதேதான்! பிடியில் பட்டி அப்பி, பிடித்து, காயவிட்டுத் தேய்ப்பார்கள். சுண்டு விரல் தொந்தரவு எல்லாருக்கும் வரும்.

பட்டறைக்காரன்
பாலம் மட்டும் பாக்கி. அலுமினியத் தகட்டில் வளைத்து இரண்டு திருகாணி போட்டு உடம்போடு நிறுத்தப் போகிறேன். யாருக்கும் தெரியாதுதான், இருக்கட்டும். சாயம் என்ன நிறம் என்று சார்ஜன் ஐயா சொல்லட்டும்.

ஓய்வுபெற்ற சார்ஜன்
முனையில் ஆரஞ்சு. மற்ற இடத்தில் மரம் மரமாகவே இருக்கட்டும், வார்னிஷ் போதும். பஸ்ஸில் வேண்டாம், நீங்களே காடியில் கொண்டுபோய் விடுங்கள்.